மாந்தோப்பில் 50 மீட்டர்: ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்?

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து மைத்துனன் போன் செய்தான். துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். "மாமா, 24 மடங்கு ஸ்கோப் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். பணம் கட்டிடலாமா?" என்றான். "பொறு மாப்ளே, எவ்வளவு தூரத்துக்குச் சுடப்போற?" என்றேன். அவனுடைய தோப்பில் வேலியிலிருந்து மோட்டார் கொட்டகை வரை 45 மீட்டர். அதைத் தாண்டிச் சுட இடமே கிடையாது. கையில் இருப்பது ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள், குழலை மடக்கி இழுப்பது. இதைக் கேட்டதும் அந்த 24 மடங்கு அவனுக்கு உதவாது என்று தோன்றியது. ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவனைப் போலவே யோசிப்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பலர் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். அமெரிக்கர்களுக்கு நெடுந்தூரம் என்றால் 500 மீட்டர், 1000 மீட்டர். அதெல்லாம் வெடிமருந்துத் துப்பாக்கியின் கணக்கு. நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது ஏர் ரைஃபிள்தான். 2016-இல் வந்த ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ அதற்கும் லைசென்ஸ் வேண்டும். அந்த வரம்புக்குள் இருக்கும் பெல்லட்டுக்கு, அதாவது ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டுக்கு, 50 மீட்டரே நெடுந்தூரம். ஃபீல்டு டார்கெட் என்ற விளையாட்டின் சர்வதேசப் போட்டிகளில்கூட ஏறக்குறைய 50 மீட்டர்தான் உச்சம், அங்கே அடிக்க வேண்டிய வட்டம் 4 செ.மீ. ஒரு எலுமிச்சம்பழத்தின் அகலம். காற்று கொஞ்சம் வீசினாலே அந்த வட்டத்தை விட்டுப் பெல்லட் நகர்ந்துவிடும். இதைச் சின்ன விளையாட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மைத்துனன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, எங்கும் கிடைக்கும் மலிவான 3-9×40. அதாவது மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. இரண்டாவது, 4-12×40, முன்பக்க வளையத்தைத் திருப்பி ஃபோகஸை மாற்றக்கூடியது. மூன்றாவது அவன் ஆசைப்பட்ட 6-24×50. பக்கவாட்டில் ஃபோகஸ் குமிழ், உள்ளே விளக்கு, கொஞ்சம் பளபளப்பு எல்லாம் உண்டு.

இந்த மூன்றையும் பிரிக்கிற உண்மையான விஷயம் பாரலாக்ஸ். கடைக்காரர்கள் இதைச் சொல்லுவதே இல்லை. எக்ஸெல் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வேக முள்ளை எட்டிப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவருக்கு 40 என்று தெரிவது நமக்கு 35 மாதிரி தெரியும். முள்ளும் எண்களும் ஒரே தளத்தில் இல்லை, நடுவே இடைவெளி இருக்கிறது, அதனால் கண் நகர்ந்தால் முள்ளும் நகர்கிற மாதிரி இருக்கிறது. ஸ்கோப்பிலும் இதேதான். குறுக்குக்கோடு ஒரு தளத்தில் இருக்கும். இலக்கின் பிம்பமும் அதே தளத்தில் விழுந்தால் தலையை எப்படி வைத்தாலும் கோடு அசையாது. பிம்பம் வேறு இடத்தில் விழுந்தால், கன்னத்தை ஒரு நூல் தள்ளி வைத்தாலும் கோடு இலக்கின் மேல் மிதக்க ஆரம்பிக்கும்.

3-9×40 வகையில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குப் பூட்டப்பட்டவை. மான் வேட்டைக்கார நாடுகளுக்குச் செய்த அளவு அது. அதை வைத்து 25 மீட்டரில் சுட்டால் என்ன ஆகும்? 40 மி.மீ. முன்கண்ணாடியில் பாதி 20. அதை 91-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசமான 66 ஆல் பெருக்கி 91 ஆல் வகுத்தால் 14.5 மி.மீ. கண் ஓரத்துக்குப் போனால் இவ்வளவு தூரம் குறி தவறலாம். பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 23 மி.மீ. அதன் நடுவைக் குறிவைத்துச் சுட்ட பெல்லட் நாணயத்துக்கு வெளியே போய்விடும், சுட்டவர் மேல் எந்தப் பிழையும் இல்லாமலேயே. தலையை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வைக்கப் பழகியவருக்கு இந்தப் பிழை மிகவும் குறையும். புதிதாகப் பிடிப்பவருக்கு அந்தப் பழக்கம் வரப் பல மாதம் ஆகும், அதற்குள் "எனக்குக் கை நடுங்குது" என்று மனம் விட்டுவிடுவார். அவர்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

வாங்குவதற்கு முன் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சின்ன கோணிப்பையில் மணல் நிரப்பி அதன்மேல் துப்பாக்கியை அசையாமல் கிடத்துங்கள். பெல்லட் போட வேண்டாம். 25 மீட்டரில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு, துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல ஆட்டுங்கள். கோடு புள்ளியின்மேல் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடினால் அது உங்கள் தூரத்துக்கான ஸ்கோப் இல்லை. ஃபோகஸ் வளையம் உள்ள ஸ்கோப்பில் அந்த வளையத்தைத் திருப்பிக்கொண்டே இதைச் செய்தால், ஓரிடத்தில் கோடு சட்டென்று நின்றுவிடும். வளையத்தில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் சரியான இடம். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே 10 கஜம் வரை, அதாவது 9 மீட்டர் வரை கீழே இறங்கும் ஃபோகஸ் இருக்கிறதா என்பது என் முதல் கேள்வி. 4-12×40 ஏர் ரைஃபிளுக்கென்றே செய்யப்படும்போது இது இருக்கும். 6-24 வகையில் சிலதில் இருக்கும், சிலது 25 மீட்டருக்குக் கீழே இறங்காது. பெட்டியில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது உதைப்பு. ஏர் ரைஃபிளில் வெடி இல்லையே, ஸ்கோப்புக்கு என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்தவன்தான். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு தடவை உதைக்கும். உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் முனையில் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் எகிறும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப் பின்பக்க உதைப்பைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, எதிர்ப்பக்கம் வரும் அடியை அதன் கண்ணாடிப் பிடிப்புகள் எதிர்பார்ப்பதில்லை. என் முதல் ஸ்கோப் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய 3-9. முந்நூறு பெல்லட் போவதற்குள் குறி ஒரு நாள் இடது, ஒரு நாள் மேலே என்று அலைய ஆரம்பித்தது. பெல்லட்டை மாற்றினேன், பிடிப்பை மாற்றினேன், இரண்டு மாதம் வீணாய்ப் போனது. கடைசியில் ஸ்கோப்பைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்த்தபோது உள்ளே ஏதோ கடகடவென்றது. விற்றவர் ஏர் கன்னில் மாட்டினால் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார். அன்றிலிருந்து, "ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லாத எதையும் நான் ஸ்பிரிங் துப்பாக்கியில் மாட்டுவதில்லை. காற்றை முன்கூட்டியே அடைத்துச் சுடும் பிசிபி வகைக்கு இந்தக் கவலை கிடையாது, அது உதைப்பதே தெரியாது.

இனி அந்த 24 மடங்கு. பெரிதாகத் தெரிந்தால் நன்றாகச் சுடலாம் என்பது இயல்பான எண்ணம். ஆனால் ஸ்கோப் இலக்கை மட்டும் பெரிதாக்குவதில்லை, நம் நாடித்துடிப்பையும், மூச்சையும், வெக்கையையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை மாதம் காலை பத்து மணிக்கு மேல் பாறைக்கரட்டின் மேல் காற்று எப்படி நெளியும் என்று தெரியும் அல்லவா? அந்தக் கானல் 8 மடங்கில் லேசான அசைவு, 24 மடங்கில் இலக்கே கொதிக்கிற தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். கறுப்புப் புள்ளி முட்டையாகவும் வட்டமாகவும் மாறி மாறித் தெரியும். ஓசூர், தளிப் பக்கம் உயரமும் குளிர்ச்சியும் இருப்பதால் அங்கே கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். மார்கழிப் பனியில் அங்கேயும் கஷ்டம்தான்.

வெளிச்சமும் ஒரு கணக்கு. முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ. சொச்சம். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மி.மீ. வெட்ட வெளியில் நடுப்பகலில் நம் கண்மணியே சுருங்கி 2, 3 மி.மீ. தான் இருக்கும் என்பதால் வித்தியாசம் தெரியாது. அடர்ந்த மாமர நிழலில், மாலை ஐந்தரை மணிக்கு, கண்மணி விரியும். அப்போது 24 மடங்கில் படம் மங்கிப்போகும், கண்ணை வைக்கும் இடமும் ஊசிமுனையாகிவிடும். தலை துளி நகர்ந்தால் கறுப்பு. நாம் சுடுவது பெரும்பாலும் வேலை முடிந்து வந்து அந்த நேரத்தில்தானே.

24 மடங்கு வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஃபீல்டு டார்கெட் ஆடுகிறவர்கள் 40 மடங்குக்கும் மேலே போவார்கள். பெரிதாக்கினால் ஃபோகஸ் மிகக் கூர்மையாகிவிடும், குமிழைத் திருப்பி எங்கே தெளிவாகிறதோ அதை வைத்து இலக்கின் தூரத்தையே அளந்துவிடுவார்கள். போட்டியில் தூரம் சொல்லமாட்டார்கள் என்பதால் அது அவர்களுக்கு அவசியம். மைத்துனனுக்குத் தன் தோப்பில் எந்த மரம் எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து வைக்க ஒரு காலைப்பொழுது போதும்.

பெல்லட்டின் வளைவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அடுத்த விஷயம் புரியாது. என் பிசிபியை 25 மீட்டருக்கு ஜீரோ செய்திருக்கிறேன், அதாவது அந்தத் தூரத்தில் குறியும் பெல்லட்டும் ஒரே இடத்தில் சேரும்படி. அதே குறியில் 50 மீட்டரில் சுட்டால் நாலு விரற்கடை கீழே விழும். 10 மீட்டரிலும் கீழேதான் விழும், ஒன்றரை சென்டிமீட்டர். ஸ்கோப் குழலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் பெல்லட் இன்னும் பார்வைக் கோட்டுக்கு ஏறி வரவில்லை என்பதே காரணம். ஸ்பிரிங் துப்பாக்கியின் வேகம் குறைவாக இருந்தால் 50 மீட்டர் இறக்கம் இன்னும் கூடும். இதைச் சரிசெய்ய ரெட்டிகிளில், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோட்டில், உள்ள கீழ்ப்புள்ளிகளைப் பயன்படுத்த வேண்டும். மில் என்பது ஒரு கோண அளவு. ஒரு மில் 100 மீட்டரில் 10 செ.மீ., 50 மீட்டரில் 5 செ.மீ. என் நாலு விரற்கடைக்கு ஒன்றரை மில் கீழே பிடிக்கிறேன்.

இங்கேதான் முதல் குவியத்தளம், இரண்டாம் குவியத்தளம் என்ற பேச்சு வருகிறது. முதல் தளத்தில் ரெட்டிகிள் இருந்தால், மடங்கை மாற்றும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதாகும், எந்த மடங்கிலும் ஒன்றரை மில் ஒன்றரை மில்லாகவே இருக்கும். இரண்டாம் தளத்தில் கோடுகள் அப்படியே நிற்கும், படம் மட்டும் மாறும். 12 மடங்கில் சரியாக இருக்கும் புள்ளி, 6 மடங்குக்கு வந்தால் இரண்டு பங்கு தூரத்தைக் காட்டும். அதே ஒன்றரைப் புள்ளியில் பிடித்தால் பெல்லட் நாலு விரற்கடை மேலே போகும். நன்றாகச் சுடுகிறவர்களையே குழப்பிவிடும் தவறு இது. 6-24 இல் முதல் தளம் எளிதாகக் கிடைக்கிறது, 4-12 பெரும்பாலும் இரண்டாம் தளம்தான். இந்த ஒரு விஷயத்தில் மைத்துனன் தேர்ந்தெடுத்தது மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் தள ஸ்கோப்பைக் குறைந்த மடங்குக்குக் கொண்டுவந்தால் கோடுகள் சிலந்தி நூலாகிவிடும். இலை நிழல் பின்னணியில் 6 மடங்கில் எனக்குக் கோடே தெரியவில்லை. தோப்புக்கு என் வழி எளிது: இரண்டாம் தள ஸ்கோப்பை 10 மடங்கில் வைத்து, அந்த வளையத்தைத் தொடாமல், 10 மீட்டருக்கு ஒன்று, 30-க்கு ஒன்று என்று எங்கே பிடித்தால் எங்கே விழுகிறது என்று சுட்டுப் பார்த்து, ஒரு துண்டு அட்டையில் எழுதி முன்மூடிக்குள் ஒட்டிவைத்துவிட வேண்டும்.

குறியை மேல் கீழ், இடம் வலம் நகர்த்தும் குமிழ்களின் கிளிக் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எம்.ஓ.ஏ.வும் மில்லைப் போல ஒரு கோண அளவுதான். கால் எம்.ஓ.ஏ. கிளிக் 25 மீட்டரில் ஏறக்குறைய 1.8 மி.மீ., 0.1 மில் கிளிக் 2.5 மி.மீ. இரண்டுமே பெல்லட்டின் அகலத்தைவிடக் குறைவு. ரெட்டிகிளும் குமிழும் ஒரே அளவுமுறையில் இருந்தால் போதும். கிளிக் உண்மையாக நகர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாங்காய்ப் பெட்டி அட்டையில் ஒரு தாளை ஒட்டி, ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று பெல்லட். வலது பக்கம் 20 கிளிக், மறுபடி அதே புள்ளியைக் குறிவைத்து மூன்று. கீழே 20, இடது 20, மேலே 20. கடைசி மூன்றும் முதல் ஓட்டைகளிலேயே போய் உட்கார்ந்தால் நல்ல ஸ்கோப். வாங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்க முடிகிற நாட்களுக்குள்.

மவுண்ட், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பிடிப்பு பற்றி மட்டும் பிடிவாதமாகச் சொல்லுவேன். ஏர் ரைஃபிளின் மேல்பக்கம் பொதுவாக 11 மி.மீ. டவ்டெய்ல் பள்ளம் இருக்கும், அகலமான பிகாடினி தண்டவாளம் இருந்தால் அதற்கு வேறு மவுண்ட். இரட்டை உதைப்பில் ஸ்கோப் மெல்ல மெல்லப் பின்னால் ஊர்ந்து வரும், கண்ணுக்குத் தெரியாத அளவில். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒரே துண்டான மவுண்ட் வேண்டும், அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டாப் பின் துப்பாக்கியின் மேலுள்ள குழியில் இறங்கி உட்கார வேண்டும். மாட்டுவதற்கு முன் பள்ளத்தையும் வளையங்களின் உட்புறத்தையும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்களை ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலையாகக் கால் கால் சுற்றாக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி. அலன் கீயின் நீளக்கையைப் பிடித்துத் திருகினால் ஸ்கோப் குழாய் நசுங்கிவிடும், குட்டைக்கையைப் பிடித்து விரல் பலத்தில் இறுக்கினால் போதும். கடைசியாக, வளையமும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பாலீஷால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். நூறு பெல்லட் கழித்துப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டாக விலகியிருந்தால் குறி தவறுவது உங்களால் இல்லை.

30 மி.மீ. குழாய் என்றால் வெளிச்சம் கூடும் என்பது தவறு, குமிழ் நகரும் வரம்புதான் கூடும். நமக்கு ஒரு அங்குலக் குழாயே போதும். உள்ளே எரியும் சிவப்பு விளக்கு தேவையில்லை. பர்கூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது கண்ணாடியைவிடக் கடினம். துண்டால் துடைத்தால் லென்ஸ் பூச்சில் கீறல் விழும். ஊதும் பல்பால் ஊதிவிட்டுப் பிறகுதான் துணி.

ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸுடன் .22 ரைஃபிளில் ஸ்கோப் வைத்து 100 மீட்டர் சுடப்போகிறவர் என்றால் என் பதில் மாறும். 50 மீட்டருக்கு ஜீரோ செய்த .22 குண்டு 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கும். அங்கே முதல் குவியத்தள 6-24-க்கு முழு வேலை இருக்கிறது, காசும் வீணாகாது. ஒலிம்பிக் வகைப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஸ்கோப்பே வாங்கிக் கொடுக்காதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொலைநோக்கிக் குறிக்கு அனுமதி கிடையாது. துளைக் குறியில்தான் பழக வேண்டும்.

எந்த ஸ்கோப் வாங்கினாலும் இலக்குக்குப் பின்னால் பாறை இருக்கக் கூடாது. நம் ஊரில் எங்கே பார்த்தாலும் கரடு என்பதால் அதையே தடுப்பாக நினைத்துவிடுகிறோம். ஈயப் பெல்லட் கல்லில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது, தவறிப்போனால் சில நூறு மீட்டர் பறக்கும். ஆடு மேய்ப்பவர்கள் சத்தமில்லாமல் தோப்புக்குள் வந்து போகிற ஊர் இது. மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டு அதன் முன்னால் இலக்கை வையுங்கள். மயில் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள்.

மைத்துனன் 4-12×40-க்கே பணம் கட்டிவிட்டான். மிச்சப் பணத்தில் ஒரே துண்டு மவுண்டும், எதில் துப்பாக்கி ஒரே இடத்தில் சேர்த்து அடிக்கிறது என்று பார்க்க மூன்று வகைப் பெல்லட்டும் வாங்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே காவேரிப்பட்டணத்துக்கு வருகிறான். மவுண்டை முறுக்காமல் எடுத்து வா, நகப்பாலீஷ் அக்காவிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.